தோட்டப் பாடசாலையில் மாலை வகுப்பு நடத்தப் பணத்துக்கு எங்கே போவது?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் மாலை வகுப்புத் தொடங்க யாரிடம் உதவி கேட்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹற்றன் பக்கம் இப்படியொரு வகுப்போடு சில வருடங்களாக இருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

மத்தியானம் ஒன்றரைக்குப் பாடசாலை விட மணி அடித்துவிடும். அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வர ஐந்தாகிவிடும். டவுன் பிள்ளை டியூஷனில் இருக்கிற அந்த நேரத்தில் நம்ம பிள்ளை தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் இந்த வகுப்பு கட்டாயம் வேண்டும்.

பெரிய நிறுவனங்களைத் தேடி முதலிலேயே ஓடாதீர்கள். திட்டம் முடிந்தால் பணம் நிற்கும், வகுப்பும் நிற்கும். மாதச் செலவை உள்ளூரிலேயே திரட்டுங்கள். மேசை, புத்தக அலுமாரி, போட்டோகொப்பி மெஷின் மாதிரி ஒருமுறைச் செலவை மட்டும் வெளியில் கேளுங்கள்.

மாதச் செலவில் பெரியது சாப்பாடுதான், அதைக் குறைக்கவே வேண்டாம். காலையில் ரொட்டி தின்றுவிட்டு வந்த பிள்ளைக்கு மூன்று மணிக்குக் கணக்கு ஏறாது. எங்களிடம் கடலை அவித்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டு, தேத்தண்ணியோடு கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் கடைசி வாங்குப் பிள்ளைகளும் தவறாமல் வந்தார்கள். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் பழைய மாணவர்களும் கோயில் கமிட்டியும் மாதாமாதம் கொடுக்கிற சிறு தொகையில் இது நடக்கிறது. படிப்பிக்க ஆள் வேண்டுமென்றால் ஆசிரியர்களைப் பயிற்றும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து வெளியேறிய உங்கள் பகுதிப் பிள்ளைகளைக் கேளுங்கள். பஸ் காசாவது கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் தோட்டத்துக்கு ஃபெயார்ட்ரேட் (நியாய வணிகம்) சான்றிதழ் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்தத் தேயிலைக்கு விலைக்கு மேல் கிடைக்கும் பிரீமியம் பணத்தை எதற்குச் செலவழிப்பதென்று தீர்மானிப்பது தொரை (தோட்ட முகாமையாளர்) இல்லை, தொழிலாளர்கள் தெரிவுசெய்த குழு. அதில் உங்கள் பிள்ளைகளின் பெற்றோரே இருக்கலாம்.

பிரதேச சபையையும் விடாதீர்கள். தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடந்தராது என்று முன்பு கையை விரிப்பார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை 2018இல் திருத்தியபின் அந்தச் சாட்டு எடுபடாது. பாடசாலையிலிருந்து லயம்வரை பாதை விளக்குக் கேளுங்கள். மழைக்காலத்தில் நேரத்தோடேயே இருட்டிவிடும், விளக்கில்லாவிட்டால் பெண் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள்.

பணம் தனியாள் கையில் வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கிலேயே போட்டு, ரசீது கொடுத்து, வரவு செலவை மாதாமாதம் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். அதிபரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கி, வலயக் கல்விப் பணிமனைக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அதிபர் மாறிப் போனாலும் அந்தக் கடிதம் கையில் இருக்கும்.