மழை அறையும் முகத்தில் செங்கல் கோலம் தாங்குமா?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே எங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டவிருக்கிறோம். முன்சுவரைப் பூசாமல், தனி அச்சில் வார்த்துச் சுட்ட செங்கற்களால் கோலம்போலக் கட்ட வேண்டும் என்பது மகளின் ஆசை. எங்கள் ஊர் மழைக்கு அது தாங்குமா?

பதில்: அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. ஹட்டன் மலைநாட்டின் மேற்குச் சரிவில் இருப்பதால், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று மழையைச் சாய்த்துச் சுவரில் அறைகிறது. செங்கல் உறிஞ்சிய நீர் உலர வெயில் வேண்டும். அந்த மாதங்களில் அது கிடைக்காததால் வெளியே பாசி படரும், உப்புப் பூக்கும், உள்ளே சுவர் ஓதம் காக்கும். கோலத்துக்காக வெளியே நீட்டிய ஒவ்வொரு கல்லின் தலையிலும் நீர் தேங்கும். ஆகவே வீட்டின் முகம் மேற்கையோ தென்மேற்கையோ பார்த்தால், அந்தச் சுவரைப் பூசிவிட்டு, கோலத்தை விறாந்தையின் உட்சுவருக்குக் கொண்டுவாருங்கள். மூன்றடி இறவாணத்தின் கீழ் அது பல்லாண்டு நிற்கும்; வந்து அமர்பவர்கள் அருகிலிருந்து பார்க்கவும் முடியும்.

கல்லின் அளவை வரைபடக் கட்டத்திலேயே தீர்மானிக்க வேண்டும். இலங்கையின் நியம அளவு 220 × 105 × 65 மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் சாந்தைச் சேர்த்தால் ஒரு வரி, அதாவது ஓர் அடுக்குக் கல், 75 மில்லிமீற்றர் உயரம். யன்னலின் அடிமட்டத்தை 12 வரியிலும் (900), மேல்மட்டத்தை 28 வரியிலும் (2,100) வைத்தால் கல்லை வெட்டிச் சிதைக்க நேராது. பெரும்பாலான கோலங்களுக்குச் சாதாரணக் கல்லே போதும்; அதை உள்வாங்கியும் இடைவெளி விட்டும் அடுக்கினால் நிழலே கோலமிடும். தனி அச்சு, மூலைக்கும் யன்னல் விளிம்புக்குமான உருண்டை முனைக் கல்லுக்கு மட்டும் இருக்கட்டும். களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும் என்பதால், முதலில் இருபது கற்களைச் சுடுவித்து அளந்து பார்த்த பின்னரே அச்சை உறுதிசெய்யுங்கள். சூளைக்குச் சூளை நிறம் மாறும். பத்துக்கு ஒன்று கூடுதலாக ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது.

உலர்ந்த கல்லை நிறுத்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, மீண்டும் நிறுத்துப் பாருங்கள். இரண்டரைக் கிலோ கல் 400 கிராமுக்கு மேல் நீர் குடித்தால் அதை வெளிச்சுவருக்கு நான் எடுக்கமாட்டேன். சாந்துக்குச் சீமெந்து 1, சுண்ணாம்பு 1, கழுவிய ஆற்றுமணல் 6 என்ற கலவை ஏற்றது. கல்லைவிட மென்மையான சாந்தின் வழியே ஈரம் வெளியேறும். மேலே படலம் கட்டும் வார்னிஷ் பூசவே வேண்டாம், அது ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

பாரத்தையும் மறக்க வேண்டாம். 220 மில்லிமீற்றர் தடிப்புள்ள செங்கற்சுவர் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 400 கிலோ எடை கொண்டது. சரிவான காணி என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு இடர் அறிக்கையைப் பெற்ற பின்னரே அத்திவாரத்தை வெட்டுங்கள். அதற்குக் காத்திருக்கும் நாட்களில், மேசன் பாஸிடம் சொல்லி மூன்றடிச் சதுரத்தில் மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டுவித்து, ஒரு மாத மழையில் நனைய விட்டு, மகளோடு சென்று பாருங்கள்.