கேட்பவர் மனத்தில் இறங்கும் பேச்சு

கேள்வி: நான் ஒரு தொண்டு அமைப்பில் பணிபுரிகிறேன். புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு ஊக்கமளிக்கும் வகையில் 20 நிமிடம் பேசும் பொறுப்பு எனக்கு அடிக்கடி வருகிறது. நிறையப் படித்து, மேற்கோள்களைத் திரட்டி, நன்றாகவே தயார் செய்கிறேன். கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நான் பேசியது யாருக்கும் நினைவில் இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் திரட்டிய மேற்கோள்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அந்த இளைஞர்கள் என்ன எண்ணத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தொண்டு செய்வது நல்லது என்பதை ஒப்புக்கொண்டுதான் அவர்கள் உங்களிடம் வந்திருக்கிறார்கள். ‘நான் ஒருவன் செய்து என்ன ஆகிவிடப் போகிறது’ என்ற தயக்கம்தான் அவர்களுக்குள் இருக்கும். அதைத் தொடாமல் தொண்டின் பெருமையையே விரித்துப் பேசினால், ஏற்கெனவே தெரிந்ததை அழகாகக் கேட்ட மகிழ்ச்சியில் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குருதிக்கொடைக் கூட்டத்தில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். முதலில் பேசிய இருவரும் புள்ளிவிவரங்களை அடுக்கினார்கள். மூன்றாவதாக வந்த பெண்மணி, தம் மகனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த இரவைப் பற்றி மட்டும் பேசினார். செவிலியர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடைவழியில் நின்றதையும், வியர்வையில் குருதி வகையை எழுதிய எழுத்து கலைந்துபோனதையும், அது அழிந்துவிடுமோ என்று அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததையும் சொன்னார். “அன்றிரவு மூன்று பேர் வந்து குருதி கொடுத்தார்கள். அவர்கள் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது” என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ‘கொடுங்கள்’ என்று அவர் ஒரு முறையும் கேட்கவில்லை. இருந்தும், பெயர் பதியும் மேசைக்கு முன்னால் வரிசை நீண்டது. அந்தச் சீட்டை என் கையில் பிடித்திருந்ததுபோல் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. முன்னால் பேசியவர்கள் சொன்ன எண்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

சுருக்கமும் இதில் சேர்ந்ததுதான். 1863 நவம்பர் 19 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் விழா கெட்டிஸ்பர்க்கில் நடந்தது. அக்காலத்தின் பெரும் பேச்சாளரான எட்வர்ட் எவரெட் அங்கே ஏறக்குறைய 2 மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் ஆப்ரகாம் லிங்கன் பேசியது சுமார் 2 நிமிடம்தான். நிகழ்ச்சியின் மையக் கருத்தை நீங்கள் 2 நிமிடத்தில் நெருங்கிய அளவுக்கு நான் 2 மணி நேரத்தில் நெருங்கியிருந்தால் மகிழ்வேன் என்ற கருத்தில் எவரெட்டே மறுநாள் லிங்கனுக்கு எழுதினார். லிங்கன் இறந்தவர்களைப் போற்றியதோடு நிறுத்தவில்லை. அவர்கள் முடிக்காமல் விட்ட பணி உயிரோடிருக்கும் நம்முடையது என்று, கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கையில் ஒரு வேலையை ஒப்படைத்தார்.

ஆகவே, அடுத்த முறை குறிப்பெழுதத் தொடங்குமுன், இதைக் கேட்ட இளைஞர் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்துக்கு உதவாதது எவ்வளவு அழகான மேற்கோளாக இருந்தாலும் நீக்கிவிடுங்கள். 20 நிமிடம் கொடுத்தார்கள் என்பதற்காக 20 நிமிடமும் பேச வேண்டியதில்லை.

கேள்வி: முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்வது நல்லதா, பார்த்துப் படிப்பது நல்லதா?

பதில்: தொடக்கமும் முடிவும் மனப்பாடமாக இருக்கட்டும், நடுவில் சொல்ல வேண்டியவற்றை ஒரு சீட்டில் சிறு குறிப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்தவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் அடுத்ததும் கிடைக்காமல் தவிப்பார். அவர் கண்ணும் அவையைப் பார்க்காமல் தம் நினைவுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசிய மார்ட்டின் லூதர் கிங், எழுதி வைத்திருந்த உரையைப் பிற்பகுதியில் விட்டுவிட்டுத் தம் கனவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அருகிலிருந்த பாடகி மஹாலியா ஜாக்சன் அந்தக் கனவைச் சொல்லும்படி குரல் கொடுத்தார் என்பார்கள். அந்தக் கனவை அவர் அதற்கு முன்பே வேறு கூட்டங்களில் பேசியிருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. பல மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால்தான் அந்த நொடியில் தாளின் துணையின்றி அது வந்தது. நீங்களும் வாய்விட்டு, வெவ்வேறு சொற்களில் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: மேடையேறியதும் கை நடுங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: குறிப்பை மெல்லிய தாளில் எழுதாமல் தடித்த அட்டையில் எழுதுங்கள், தாள் படபடப்பதைப் பார்த்தே பயம் இரட்டிப்பாகும். ஒலிவாங்கியின் முன் நின்றதும் மூச்சை முழுவதுமாக வெளியே விட்டு, அவை அடங்கும்வரை காத்திருங்கள். முதல் வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். மூச்சு போதாமல் குரல் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.