டெவலப்பர் ஒருவர் கணினிசார் சமூகவியல் படிப்பதா, வழக்கமான புள்ளியியல் படிப்பதா?

நீங்கள் நன்றாக நிரல் எழுதுவீர்கள், கணக்கு என்றால் மட்டும் கொஞ்சம் தயங்குவீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. முதலில் புள்ளியியலைப் படியுங்கள்; கணினியில் ஆட்களை உருவாக்கி ஓட்டியும் டேட்டாவை அலசியும் சமூகத்தை ஆராயும் கணினிசார் சமூகவியல் அதற்குப் பிறகு. எனக்குப் பழைய பாடத்தின் மேல் பாசம் ஒன்றும் கிடையாது. அடிபட்டவன், அவ்வளவுதான்.

பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் வெளியிட்ட குடியிருப்புப் பிரிவினை மாதிரியை ஒரு நாள் இரவு பைத்தானில் எழுதிப் பார்த்தேன். சிவப்பு, நீலம் என இரண்டு வகை ஆட்கள். அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தன்னைப் போன்றவர்கள் இருந்தால் போதும், இல்லையென்றால் இடம் மாறுவேன் என்கிறவர்கள். யாருக்கும் யார்மேலும் வெறுப்பில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்பும் நீலமும் திட்டுத்திட்டாக ஒதுங்கிவிட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே மயக்கத்தில், அப்போது வேலை பார்த்த இடத்தில், பயனர்கள் ஏன் கூட்டமாக ஒரு செயலியை விட்டுப் போகிறார்கள் என்பதற்கு ஒரு சிமுலேஷன் (கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாதிரி உலகம்) கட்டினேன். 2,000 ஏஜென்ட்கள், அதாவது நிரலுக்குள் இருக்கும் கற்பனைப் பயனர்கள், திரையில் ஆளுக்கொரு புள்ளி. நண்பர்களில் இத்தனை பேர் போனால் நானும் போவேன் என்று ஆளுக்கொரு வரம்பு. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1978-இல் எழுதிய யோசனைதான். ஒருவர் கிளம்புவார், பத்துப் பேர் கிளம்புவார்கள், திரை காலியாகும். மீட்டிங்கில் ஓட்டிக் காட்டினேன், கைதட்டினார்கள்.

பின்வரிசையில் இருந்த மூத்த புள்ளியியல்காரர், "எத்தனை தடவை ஓட்டினீங்க தம்பி?" என்றார். நூறு தடவை என்றேன், பெருமையாக. நிரலின் நாலாவது வரியில் ரேண்டம் சீட் 42 என்று போட்டு வைத்திருந்தேன். சீட் என்பது தற்செயல் எண்கள் எங்கிருந்து தொடங்கும் என்று சொல்லும் எண், அது மாறாவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதே எண்கள்தான் வரும். நூறும் ஒரே ஓட்டம்தான். "43 போடுங்க" என்றார். போட்டேன். நாலு புள்ளிகள் மறைந்தன, மற்றவை அசையவே இல்லை.

இது கிரனோவெட்டரின் கட்டுரையிலேயே இருக்கிறது. 0, 1, 2 என்று 99 வரை வரிசையாக வரம்பு உள்ள நூறு பேரில் ஒரே ஒருவரின் வரம்பு 1 என்பதற்குப் பதில் 2 ஆக இருந்தால், நடக்க வேண்டிய கலவரம் நடக்காமலே போகும். படித்திருந்தேன், மண்டையில் ஏறவில்லை. அப்புறம் சீட்டை மாற்றி மாற்றி ஓட்டி, எத்தனை ஓட்டங்களில் சரிவு வருகிறது என்று எண்ணவும், அந்த விகிதத்துக்கு நம்பக இடைவெளி (உண்மை விகிதம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற கணிப்பு) போடவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சிமுலேஷன் கொட்டுவதும் டேட்டாதான்.

"புள்ளியியலுக்கு நெட்வொர்க் பிடிபடாது" என்று சொல்ல யாராவது வருவீர்கள். பாதி சரி. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் பாடப்புத்தகத்து டி-டெஸ்ட், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் முடிவெடுக்கும் இடத்தில் அது செல்லாது, கணினிசார் சமூகவியல் வேண்டும். ஆனால் டேட்டா மலைபோல் இருந்தால் போதும் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகையின் கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கு மேல் பதில்கள் வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். கேட்ட ஆட்களே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் எண்ணிக்கை காப்பாற்றாது.

மாதிரியெடுப்பு (சிலரைத் தேர்ந்தெடுத்து எல்லோரையும் பற்றிச் சொல்வது), ரிக்ரெஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிப்பது), பூட்ஸ்ட்ராப் (இருக்கும் டேட்டாவிலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்து நிச்சயமின்மையை அளப்பது) மூன்றும் கைக்கு வந்த பிறகு, ஏஜென்ட் சிமுலேஷன் கட்ட உதவும் மேசாவையோ நெட்லோகோவையோ திறவுங்கள். ஏற்கெனவே ஏதாவது சிமுலேஷன் எழுதி வைத்திருந்தால், அதில் சீட் என்ன எண்ணில் நிற்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள்.