மொட்டைமாடி சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறார்களே, போடலாமா?

தமிழ்நாட்டில் சொந்த வீடு, இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடுகிறது, ஏசி இல்லை, சோலார் பொருத்தித் தரும் வெண்டர் 3 கிலோவாட் போடச் சொல்கிறார் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கணக்குக்கு 3 கிலோவாட் வேண்டாம். இப்போதைக்கு சோலாரே வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

மானியக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 மட்டும். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000தான். வெண்டர்கள் 78,000 என்றே ஆரம்பிப்பார்கள், கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா! ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட்டின் செலவில் பெரும்பகுதி உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12. உங்கள் வீட்டுக்குத் தேவை 7 யூனிட். மிச்சத்தை யாருக்காக உற்பத்தி செய்யப் போகிறீர்கள்?

இன்னொரு பக்கம், நீங்கள் கட்டும் பில்லே பெரிதில்லை. 2024 ஜூலை கட்டணப்படி 420 யூனிட்டுக்கு 1,300 ரூபாயை ஒட்டித்தான் வரும். அந்தக் கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்கும் மலிவு விலை. அரசு ஏற்கெனவே விலை கழித்துக் கொடுத்த இந்த மின்சாரத்தையும் சேர்த்துத்தான் சோலார் மிச்சப்படுத்தும், அதில் உங்களுக்கு லாபம் குறைவு. வடக்கே யாரோ நான்கு வருடத்தில் போட்ட காசை எடுத்துவிட்டதாக வீடியோ போடுவதை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

சரி, அப்போது என்ன செய்வது? தலைக்கு மேலே பாருங்கள். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்தது முழு வேகத்தில் 30 வாட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு விசிறி நாளைக்கு 12 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். நான்கு விசிறிக்கு கிட்டத்தட்ட 130 யூனிட். உங்கள் 420 உடனே 290 ஆகிவிடும், பில் ஏறக்குறைய பாதியாகும். யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும், குறைவது விலை கூடிய மேல் படி யூனிட்டுகள் என்பதால்தான் இந்த வித்தியாசம். அரை கிலோவாட் பேனல் செய்யும் வேலையை நான்கு விசிறிகள் செய்துவிடுகின்றன, மொட்டைமாடியில் ஒரு ஓட்டை போடாமல்.

இதற்கு மானியம் கிடையாது என்பதுதான் வேடிக்கை. உற்பத்தி செய்தால் பணம் தருகிறார்கள், செலவைக் குறைப்பவருக்கு ஒட்டுவதற்கு நட்சத்திரம் தருகிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் மின்விசிறிக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். கடையில் ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்குங்கள், ஆனால் பெட்டியில் எத்தனை வாட் என்று போட்டிருப்பதையும் படியுங்கள்.

சோலார் யாருக்கு லாபம் என்றால், ஏசி ஓடி இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டுபவர்களுக்கு. அதே 2024 கட்டணப்படி, அந்தக் கோட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை போய்விடும், 501வது யூனிட்டிலிருந்து 8 ரூபாய்க்கு மேல், 800ஐத் தாண்டினால் 10 ரூபாய்க்கு மேல். என் மச்சான் வீடு அந்த ரகம். கோடையில் 900 யூனிட் ஓடும் வீட்டில் 3 கிலோவாட் போட்டார், அவருக்கு அது சரியான முடிவு.

ஆனால் அவர் அலைந்தது பேனலுக்காக இல்லை, பெயருக்காக. இணைப்பு காலமான மாமனார் பெயரிலேயே இருந்தது. விண்ணப்பிப்பவர் பெயரும் மின் இணைப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் திட்டத்தின் இணையதளத்தில் பதிவே செய்ய முடிந்தது. நம் வீடுகளில் பாதி தாத்தா பெயரில்தான் இருக்கின்றன, அதனால் பிறகு சோலார் போடும் எண்ணம் இருந்தாலும் இதை இப்போதே முடித்து வையுங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போதும் ஒன்று கவனியுங்கள். "மானியம் போக இவ்வளவு" என்று ஒற்றை எண் கொடுத்தால், மானியத்துக்கு முந்தைய முழு விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மச்சானிடம் முதலில் வந்தவர் விலையை ஏற்றி வைத்து அதில் 78,000 கழித்துக் காட்டினார். மானியம் வெண்டருக்குப் போவதில்லை, நெட் மீட்டர் (வெளியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தையும் நீங்கள் திருப்பி அனுப்புவதையும் அளப்பது) பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். அதுவரை முழுப் பணமும் நீங்கள்தான் புரட்ட வேண்டும். கையில் இல்லையென்றால் இத்திட்டத்துக்கென்றே பிணையில்லாக் கடன் இருக்கிறது, 3 கிலோவாட் வரை, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியோடு அரை சதவீதம் கூட. பேனல் மட்டுமல்ல, அதற்குள் வெயிலை மின்சாரமாக்கும் சோலார் செல்களும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல்லை இங்கே கோர்த்த பேனல் விலை குறைவு, ஆனால் மானியம் கிடைக்காது.

அப்புறம், கரண்ட் போனால் சோலாரும் போய்விடும். பேட்டரி இல்லாத அமைப்பில், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். பவர்கட்டுக்குத் தீர்வு தேடித்தான் சோலார் பக்கம் வந்தீர்கள் என்றால், அதற்கு பேட்டரி தனிச் செலவு, அதற்கும் மானியம் இல்லை.