வெளியூர் மாணவர்கள் வந்தால் மகனுக்கு சீட் போய்விடுமா?

கேள்வி: ஹாங்காங்கில் இருக்கிறோம். மகன் இங்கேயே பிறந்தவன். நிரந்தர வசிப்புரிமை உண்டு. அடுத்த வருடம் டிஎஸ்இ (இங்குள்ள பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறான். அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளியூர் மாணவர்களை 50 சதவீதம் வரை சேர்க்கப் போகிறார்களாமே! 'பாதி இடம் போச்சு, சென்னையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பேசிவிடலாம்' என்கிறார் கணவர். என்ன செய்ய?

பதில்: சகோதரி, அட்வான்ஸ் எதுவும் கட்டிவிடாதீர்கள்.

அந்த 50, இருக்கிற இடத்தில் பாதி அல்ல. அரசு நிதி பெறும் 8 பல்கலைக்கழகங்களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று வருடத்துக்குச் சுமார் 15,000 முதலாண்டு இடங்கள் தனியாக இருக்கின்றன. வெளியூர்க்காரர்களை அதற்கு மேல்தான் சேர்க்கிறார்கள். உள்ளூருக்கு 100 இடம் என்றால் கூடுதலாக 50 பேர் வரை. ஆக, முழுக்க நிரப்பினாலும் மூன்றில் ஒருவர்தான் வெளியூர்க்காரர். 20 ஆக இருந்த வரம்பு 2024-25இல் 40 ஆனது, 2026-27இல் 50 ஆகிறது. உங்கள் மகன் உள்ளூர்க் கணக்கில் வருபவன்.

இதற்குப் பின்னால் பணமும் இருக்கிறது. 2025-26இல் உள்ளூர் மாணவருக்குக் கட்டணம் 44,500 ஹாங்காங் டாலர். வெளியூர் மாணவர் அதைப்போல் பல மடங்கு கட்டுகிறார். அரசோ பல்கலைக்கழகங்களுக்கான நிதியைக் குறைத்ததோடு, அவற்றின் சேமிப்பிலிருந்து 400 கோடி ஹாங்காங் டாலரைத் திருப்பிக் கேட்டிருக்கிறது. கையைக் கடிக்கும்போது கட்டணம் கட்டுபவரைத் தேடத்தானே செய்வார்கள்?

அதற்காக உங்கள் கவலை வெறும் பிரமை என்று சொல்லமாட்டேன். சீட் போகாது, ஆனால் ஹாஸ்டல் அறைக்குப் போட்டி கூடும். ஹோட்டல்களையும் அலுவலகக் கட்டடங்களையும் மாணவர் விடுதியாக மாற்ற அரசே 2025இல் திட்டம் போட்டது என்றால் நெருக்கடி எப்படி என்று பாருங்கள். வீட்டிலிருந்தே போய்வர முடியுமா என்பதையும் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. மகனின் சீன மொழிப் பாடம் எப்படி இருக்கிறது? பல்கலைக்கழகத்தில் சேரப் பொதுத் தகுதியாக டிஎஸ்இ சீனப் பாடத்தில் லெவல் 3 வேண்டும். நம் பிள்ளைகள் பலர் கணிதத்தில் பிரமாதமாக வாங்கிவிட்டு இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சீனம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு ஜிசிஎஸ்இ (பிரிட்டன் பள்ளித் தேர்வு) போன்ற மாற்றுத் தேர்வை ஏற்பதுண்டு. ஆனால் எல்லோருக்கும் இல்லை. ஆறு வருடத்துக்கும் குறைவாகச் சீனம் படித்தவரா, பள்ளியில் வழக்கமான பாடத்திட்டத்தைவிட எளிய சீனம் படித்தவரா என்று பார்ப்பார்கள். மகன் அதில் வருவானா என்று இந்த வாரமே பள்ளியில் கேளுங்கள். விருப்பப்படும் துறைக்கும் எழுதிக் கேளுங்கள். சில படிப்புகளுக்குத் தனி நிபந்தனை உண்டு.

அப்புறம், ஜுபாஸ் என்ற பொது விண்ணப்பத்தில் முதல் மூன்று விருப்பங்கள்தான் 'பேண்ட் ஏ', அதாவது முதல் முன்னுரிமைப் பிரிவு. பேராசைக்கு ஒன்று, நிச்சயத்துக்கு ஒன்றாவது அதில் இருக்கட்டும். ரிசல்ட் வந்தபின் வரிசையை மாற்றவும் வாய்ப்பு தருவார்கள்.

அதிலும் கிடைக்கவில்லையா? துணைப்பட்டம் (பட்டத்துக்கு ஒரு படி கீழான படிப்பு) முடித்து நேராகப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் சேர வருடம் 5,000 இடங்கள் அரசு நிதியில் இருக்கின்றன. இதையெல்லாம் பார்த்தபிறகும் கணவர் சென்னைதான் என்றால், சரி, மகனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். அங்கே போனால் என்ஆர்ஐ கட்டணம் கேட்கப்போவது அவனிடம்தான்.