தேனில் குறையில்லை, லேபிளில்தான் வழக்கு

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறேன். பாட்டிலில் அடைத்து உள்ளூர்க் கடைகளுக்கும், வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கும் விற்கிறேன். ஒரு கடையிலிருந்து உணவு பாதுகாப்பு அலுவலர் என் தேனை மாதிரி எடுத்துப் போனார். ஆய்வறிக்கை இப்போது வந்திருக்கிறது. தேனில் கலப்படம் இல்லை, ஆனால் 'தப்புக் குறியீடு', அதாவது லேபிளில் குறை என்கிறார்கள். என் லேபிளில் தமிழில் 'சுத்தமான மலைத்தேன், 1 லிட்டர், சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்' என்று இருக்கும், கீழே என் செல்போன் எண். விலையைக் கடைக்காரர் பேனாவால் எழுதிக்கொள்வார். பதிவு எதுவும் எடுக்கவில்லை, விவசாயிக்கு அது தேவையில்லை என்று ஊரில் சொன்னார்கள். கலப்படமே இல்லாத தேனுக்கு எதற்கு வழக்கு? ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா?

பதில்: முதலில் ஜெயில் பயத்தை விடுங்கள். உணவு பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 52-ஆவது பிரிவில்தான் தப்புக் குறியீடு வருகிறது. அதற்கு அபராதம் மட்டுமே, உச்ச வரம்பு 3 லட்சம் ரூபாய். வழக்கு கிரிமினல் கோர்ட்டுக்குப் போகாது. தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர்தான் விசாரித்துத் தீர்ப்பு சொல்வார். 3 லட்சம் என்றதும் மலைக்க வேண்டாம். எவ்வளவு லாபம் அடைந்தீர்கள், யாருக்காவது நஷ்டம் வந்ததா, திரும்பத் திரும்பச் செய்தீர்களா, தெரியாமல் நடந்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று 49-ஆவது பிரிவு சொல்கிறது. நால்வகையிலும் உங்களுக்குச் சாதகமாகப் பேச இடமிருக்கிறது.

லைசென்ஸ் இல்லாமல் உணவு வியாபாரம் செய்தால் சிறைத் தண்டனை என்று 63-ஆவது பிரிவைக் காட்டி யாராவது பயமுறுத்துவார்கள். அந்தப் பிரிவையே முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். 31(2)-இன் கீழ் லைசென்ஸிலிருந்து விலக்குப் பெற்ற சிறு உற்பத்தியாளர்களை அது வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆனால் அதே 31(2) சிறு உற்பத்தியாளர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. அதைச் செய்யாததுதான் உங்கள் தவறு, அதற்கும் அபராதம்தான்.

விவசாயிக்குத் தேவையில்லை என்று ஊரில் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 18(3)-ஆவது பிரிவு, விவசாயி தன் பண்ணை அளவில் விளைவித்த பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. தோட்டத்துக்கு வருபவருக்கு நீங்கள் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தால் அந்தப் பிரிவைப் பேசிப் பார்க்கலாம். பாட்டிலில் அடைத்து, பெயர் ஒட்டி, கடையில் அடுக்கக் கொடுத்த பிறகு அந்த வாதம் நிற்காது. அதை நம்பி விசாரணைக்குப் போகாதீர்கள்.

கலப்படம் இல்லையே என்ற உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் உணவில் பாதுகாப்பற்றது, தரம் குறைந்தது, தப்புக் குறியீடு என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. பாட்டிலுக்குள் இருப்பது எவ்வளவு நல்ல தேனாக இருந்தாலும், வெளியே ஒட்டிய காகிதம் பொய் சொன்னால், அல்லது சொல்ல வேண்டியதைச் சொல்லாவிட்டால், மூன்றாவது வகையில் விழும். உங்கள் லேபிளில் இரண்டுமே நடந்திருக்கின்றன.

'மலைத்தேன்' என்று போட்டிருக்கிறீர்கள். வாங்குகிறவர் அதைப் பாறையிலும் பெரிய மரத்திலும் கூடு கட்டும் மலைத்தேனீயின் தேன் என்றுதான் நினைப்பார். உங்களுடையது பெட்டியில் வளரும் அடுக்குத் தேனீயின் தேன். ரப்பர் தோட்டத் தேனைத் தாழ்வாக நினைத்து இந்தப் பெயரை ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை, மார்த்தாண்டம் பக்கத்துப் பெட்டித்தேனுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. ஆனால் பூவின் பெயர் போட்டு விற்கலாம் என்று அடுத்து யோசித்தால் அதிலும் கவனம் வேண்டும். ஒரே பூவின் தேன் என்று சொல்ல, மொத்த மகரந்தத்தில் குறைந்தது 45 சதவீதம் அந்தச் செடியுடையதாக இருக்க வேண்டும். ரப்பரிலோ தேன் பூவில் அல்ல, இலைக்காம்பில் சுரக்கிறது, மகரந்தக் கணக்கு உங்களுக்குக் கைகொடுக்காது. 'தேன்' என்று மட்டும் போடுங்கள்.

அடுத்தது '1 லிட்டர்'. பொட்டலப் பொருள் விதிகள், 2011-இன்படி தேனை எடையில்தான் குறிப்பிட வேண்டும், லிட்டரில் கூடாது. இதில் நஷ்டம் உங்களுக்குத்தான். தேன் தண்ணீரைவிடக் கனமானது, தரநிர்ணயமே அடர்த்தி குறைந்தது 1.35 என்கிறது. ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பினால் உள்ளே போவது ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். முக்கால் லிட்டர் பாட்டிலிலேயே ஒரு கிலோ அடங்கிவிடும். லிட்டர் கணக்கில் விற்று வந்த ஒவ்வொரு பாட்டிலிலும் 400 கிராம் தேனுக்குக் காசு வாங்காமல் விட்டிருக்கலாம், போய்க் கணக்குப் பாருங்கள்.

மூன்றாவது, 'சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்'. இதைத்தான் நான் மிகவும் கடுமையாகப் பார்க்கிறேன். தேனின் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான். இதை நம்பி ஒரு நோயாளி தினமும் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தவறான விளம்பரத்துக்கு 53-ஆவது பிரிவில் 10 லட்சம் வரை அபராதம் உண்டு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் விளம்பரம்தான். இதையே 'குணமாக்கும்' என்று மாற்றி எழுதினால் 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டத்தையும் இழுக்க வழி கிடைக்கும், அதில் சிறைத் தண்டனை இருக்கிறது. அந்த வரியை லேபிளிலிருந்தும் போனிலிருந்தும் இன்றே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் 'ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்' என்று அச்சிடுங்கள். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கத் தேன் தேடி வருபவர்கள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள், பச்சைக் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

தமிழில் மட்டும் அச்சடித்ததும் குறைதான். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் விதி. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் வாங்கும் கடையில் தமிழ் லேபிள் செல்லாது என்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் விதி மாறும்வரை இரண்டு மொழியிலும் போடுங்கள், தமிழை விட்டுவிடாதீர்கள்.

சரி, புதிய லேபிளில் என்னென்ன வேண்டும்? பொருளின் பெயர், உங்கள் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த அல்லது அடைத்த மாதமும் ஆண்டும், காலாவதித் தேதி, எல்லா வரிகளும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலை, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம்) முத்திரையும் 14 இலக்க எண்ணும், புகார் சொல்லப் போன் எண்ணும் மின்னஞ்சலும். தேன் கெடாதே, காலாவதி எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். கெடாவிட்டாலும் போட்டாக வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாட்டில் என்றால் ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும். அரைக் கிலோ 350 ரூபாய் என்றால் கிராமுக்கு 70 பைசா. விலையைக் கடைக்காரர் பேனாவால் எழுதுவது இனிமேல் கூடவே கூடாது. 100 கிராமுக்கான ஊட்டச்சத்து அட்டவணையும் இருந்துவிட்டால் பிறகு தகராறு இல்லை. சைவக் குறியைப் பற்றிக் குழம்ப வேண்டாம். அசைவத்தின் வரையறையிலிருந்தே தேனை விலக்கி வைத்திருக்கிறார்கள்.

பதிவுகள் இரண்டு. உணவுப் பாதுகாப்புப் பதிவை எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் எண் 2-இல் தொடங்கும், 1-இல் தொடங்குவது லைசென்ஸ். மற்றொன்று, எடையளவுச் சட்டத்தின் கீழ் பொட்டலமிடுபவர் பதிவு. பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை பார்க்கிறது. பலர் முதல் பதிவோடு நின்றுவிடுகிறார்கள், அப்புறம் இந்தத் துறை ஆய்வுக்கு வரும்போது திகைக்கிறார்கள்.

பாட்டிலையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி பாட்டிலை நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்த அனுமதி இருக்கிறது. காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றுவதற்கு இல்லை. பிளாஸ்டிக் என்றால் 5 லிட்டரும் அதற்கு மேலும் உள்ள கலன்களையே மறுபயன்பாட்டுக்கு விதி ஏற்கிறது.

இந்த முறை தரத்தில் தப்பித்தீர்கள். அடுத்த முறையும் தப்பிக்க ஈரப்பதத்தைக் கவனியுங்கள். வரம்பு 20 சதவீதம். அடுக்குத் தேனீயின் தேனில், அதுவும் அறைகளை மெழுகு மூடுமுன் அவசரப்பட்டு எடுத்தால், அது எளிதில் தாண்டிவிடும். தாண்டினால் 'தரம் குறைந்தது', அதற்கு அபராதம் 5 லட்சம் வரை. ஈரப்பதம் பார்க்கும் கையடக்கக் கருவி ஒன்று வாங்கி, ஒவ்வொரு பேட்ச்சின் அளவையும் நோட்டில் குறித்துவையுங்கள்.

இனி உடனே செய்ய வேண்டியது. ஆய்வறிக்கையை ஏற்காவிட்டால், அது கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் விஷயத்தில் அது வீண் செலவு என்பது என் கருத்து. லேபிளில் என்ன இருக்கிறது என்பது பார்த்தாலே தெரியும், எந்த ஆய்வகமும் அதை மாற்றிச் சொல்லாது. ஆனால் அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை படியுங்கள். தேனின் தரத்தைப் பற்றியும் ஏதாவது பாதகமாக எழுதியிருந்தால் அந்த 30 நாளை விடாதீர்கள்.

கடைகளில் மிச்சமிருக்கும் பாட்டில்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலர் முடக்கி வைத்த சரக்கு இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். மற்றவற்றில் பழைய லேபிளின் மேல் துண்டு ஸ்டிக்கர் ஒட்டித் திருத்தாதீர்கள், அதுவே தனிக் குற்றமாகும். ஊறவைத்து உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். குறையைச் சரிசெய்யச் சொல்லி உத்தரவிட விசாரணை அலுவலருக்கு 52(2)-இல் அதிகாரம் உண்டு, ஆகவே நீங்கள் முந்திக்கொள்வது நல்லது. சிறு உற்பத்தியாளர் ஒரு தொகை கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் 69-ஆவது பிரிவில் வழியிருக்கிறது, நியமன அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

விசாரணை நோட்டீஸ் வந்தால் தவறாமல் நேரில் போங்கள். தெரியாமல் நடந்தது, இது முதல் தடவை, தேனில் கலப்படம் இல்லை என்று அரசு ஆய்வகமே சொல்லியிருக்கிறது, குறைகளைத் திருத்திவிட்டேன் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பதிவுச் சான்றின் நகல், புதிய லேபிளின் அச்சுப் பிரதி, பழைய பாட்டில்களைத் திரும்பப் பெற்றதற்குக் கடைக்காரர்களின் கையெழுத்து, மூன்றையும் இணைத்து, உங்கள் நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.