வாசகர் கேள்வி: அணுகுண்டுச் சோதனை வீரர்களும் காலவரம்புச் சட்டமும்

கேள்வி: அணுகுண்டுச் சோதனைகளில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்கள் தொடுத்த இழப்பீட்டு வழக்கு, நோய்க்குக் காரணம் கதிர்வீச்சா என்ற விசாரணைக்கே வராமல் முடிந்துவிட்டதாகப் படித்தேன். அது எப்படி நேர்ந்தது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: நீங்கள் படித்தது பெரும்பாலும் சரியே. 1952 முதல் 1958 வரை ஆஸ்திரேலியாவிலும், பசிபிக் கடலில் கிறிஸ்துமஸ் தீவு, மால்டன் தீவு ஆகியவற்றிலும் பிரிட்டன் 21 அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. அங்கிருந்த வீரர்களுக்கு நெடுங்காலம் நீதிமன்றக் கதவே அடைத்திருந்தது. பணியில் நேர்ந்த பாதிப்புக்காகப் படைவீரர் அரசின் மீது வழக்குத் தொடுப்பதை 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு தடுத்தது. 1987-இல் அப்பிரிவு நீக்கப்பட்டபோதும், பழைய பாதிப்புகளுக்கு அந்த நீக்கம் பொருந்தவில்லை. சோதனைகளில் பங்குகொண்ட அணுசக்தி ஆணையத்திடமிருந்து அரசு ஏற்றுக்கொண்ட பொறுப்புகளுக்கு மட்டும் அந்தத் தடை செல்லாது என்று, அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1988-இல் தீர்ப்பளித்ததால் ஒரு வழி பிறந்தது.

அடுத்து நின்றது 1980-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்தோ, அதன் காரணத்தைப் பாதிக்கப்பட்டவர் அறிந்த நாளிலிருந்தோ மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வழக்குகளிலிருந்து முன்மாதிரியாக எடுக்கப்பட்ட பத்தையும் 2009-இல் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு அனுமதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றை மட்டும் விட்டுவைத்து ஒன்பதைத் தள்ளியது. 2012 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் அதையே உறுதிசெய்தது.

பெரும்பான்மையினரின் வாதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நோய் கதிர்வீச்சால் வந்தது என்று நியாயமாக நம்பத் தொடங்குவதே ‘அறிதல்’ ஆகும் என்றும், வழக்கைத் தாக்கல் செய்த பிறகும் தமக்கு அந்த அறிவு இல்லை என்று ஒருவர் சொல்ல முடியாது என்றும் அவர்கள் கருதினர். வீரர்களோ, இதே சோதனைகளில் பங்கேற்ற நியூசிலாந்து வீரர்களின் குரோமோசோம்களில் மாற்றங்களைக் கண்ட 2007-ஆம் ஆண்டு ஆய்வு வரும்வரை தங்கள் நம்பிக்கைக்கு அறிவியல் அடித்தளம் இருக்கவில்லை என்றனர். காலவரம்பைத் தளர்த்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்றாலும், காரணத் தொடர்பை நிறுவ வாய்ப்பில்லை என்று சொல்லி அதையும் பயன்படுத்த மறுத்தனர். ஆக, ‘நீ முன்பே அறிந்திருந்தாய்’ என்றும் ‘உன்னால் நிறுவ முடியாது’ என்றும் ஒரே தீர்ப்பு சொன்னது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய மூவரின் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

போர் ஓய்வூதியம் இதிலிருந்து வேறானது. பணி முடிந்து ஏழாண்டுகளுக்குப் பிறகு விண்ணப்பிப்பவரும், நோய்க்குப் பணியே காரணமாக இருக்கலாம் என்ற நியாயமான ஐயத்தை நம்பத்தக்க சான்றால் எழுப்பினால் அதைப் பெறலாம். ஆனால் ஓய்வூதியம் அரசின் கவனக்குறைவுக்கான இழப்பீடு ஆகாது.

கேள்வி: அமெரிக்க வீரர்களின் நிலை மேலானதா? (அதே வாசகர்)

பதில்: நீதிமன்றத்தில் இல்லை. பணியின் போக்கில் நேர்ந்த பாதிப்புக்காகப் படைவீரர் அரசின் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று 1950-இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. அந்தக் குறையை நாடாளுமன்றம் ஓரளவு ஈடுசெய்தது: 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சோதனைக் களத்தில் இருந்தவருக்குப் பட்டியலிட்ட புற்றுநோய்களில் ஒன்று வந்தால், கதிர்வீச்சின் அளவை அவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. களத்தில் இருந்ததற்கு மட்டும் ஆவணம் வேண்டும். அதிலும் சிக்கல் உண்டு. செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் மூண்ட தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் அழிந்துபோயின.